தோட்டத்துச் சாளைக்கு முதல் கைத்துப்பாக்கி: எதை வாங்குவது, யார் பெயரில் வாங்குவது

கேள்வி இதுதான். தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள் தனியாக இருக்கிற வீடு. அங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், அப்பாவுக்கு 68 வயது. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து போகிறார். பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க நினைக்கிறார், ஆனால் இதுவரை எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை. ரிவால்வரா, பிஸ்டலா, எந்த மாடல் நல்லது?

மாடலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. புதிதாகப் பழகுபவருக்கு .32 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) ரிவால்வர் போதும். எஃகில் செய்ததாக, முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் எடை உள்ளதாக, புதியதாக இருக்கட்டும். பிஸ்டல் வேண்டாம். பாக்கெட்டில் போடுகிற மாதிரி ரொம்ப லேசான ரிவால்வரும் வேண்டாம். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும்: அந்தத் துப்பாக்கி யார் கைக்குப் போகப் போகிறது?

உரிமம் தருவது ஒரு ஆளுக்கு. அந்த வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது சேராது. உங்கள் பெயரில் ரிவால்வர் வாங்கி, அப்பாவிடம் கொடுத்து, "ராத்திரியில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நீங்கள் திங்கட்கிழமை பஸ் ஏறினால், அந்த நிமிடத்திலிருந்து அப்பா உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை 2019-இல் திருத்திய பிறகு, அந்தக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. உங்கள் உரிமமும் போகும். நம் பக்கத்தில் பல குடும்பங்கள் இதைத் தெரியாமலே செய்கின்றன. மகனுக்கு உரிமம் சுலபமாகக் கிடைக்கும், படித்தவன், கம்ப்யூட்டரில் மனுப் போடத் தெரியும் என்று மகன் பெயரில் எழுதுகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் இல்லாதவர் பெயரில் இருக்கிற துப்பாக்கி அந்த வீட்டுக்குக் காவல் ஆகாது. ஆகவே மனு அப்பா பெயரில் போக வேண்டும், அல்லது துப்பாக்கி யோசனையையே விட்டுவிட வேண்டும். அப்பா பெயரில் போவதென்றால் உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதில் பயனில்லை. அவர் கை, அவர் கண், அவர் விரலில் இருக்கிற பலம், இவைதான் மாடலை முடிவு செய்யும்.

உங்கள் பயம் நியாயமானது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025-இல் சிவகிரி பக்கத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். அதன் பிறகு கொங்கு நாட்டில் தோட்டத்தில் தனியாக இருக்கிறவர்களைப் பெற்ற பிள்ளைகள் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தூங்குகிற ஆளுக்குத் துப்பாக்கி உதவாது. விழிப்பதற்கு நேரம் வேண்டும், எடுப்பதற்கு நேரம் வேண்டும், பூட்டைத் திறப்பதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சம்பாதித்துத் தருவது கம்பிவேலியும், உள்பக்கம் கிரில் போட்ட கதவும், ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கும், மாடு கட்டுகிற கட்டுத்துறைப் பக்கம் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று என்று இரண்டு நாயும்தான். கேமரா வைத்தால் படம் உங்கள் போனுக்கும் வரும்படி வையுங்கள். பதிவுப் பெட்டியை மட்டும் வீட்டுக்குள் வைத்தால், வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். 'காவல் உதவி' செயலியை அப்பாவின் போனில் போட்டு, அழைப்புப் பொத்தானை அழுத்தப் பழக்கிவிடுங்கள். ராத்திரியில் யார் கூப்பிட்டாலும், தண்ணீர் கேட்டாலும், கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேச வேண்டும் என்பதை அம்மாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். இவ்வளவும் செய்தபிறகு மிச்சம் இருக்கிற ஆபத்துக்குத்தான் துப்பாக்கி.

காட்டுப்பன்றிக்கும் ஆகும் என்ற நினைப்பு மனதில் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி பன்றியையோ மயிலையோ நீங்களாகச் சுட முடியாது. மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வெள்ளாமை நஷ்டம் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு வழி வனத்துறை மூலமாகத்தான்.

அடுத்து, கைத்துப்பாக்கிதான் வேண்டுமா என்பது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படித்தால் ஒன்று தெரியும். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்கென்று கேட்டால், மறுக்கத் தனிக் காரணம் இல்லாதவரை தர வேண்டும் என்கிற தொனியில் சட்டம் பேசுகிறது. நம் ஊரில் 12 போர் இரட்டைக்குழல் என்று சொல்கிறோமே, அது இந்த வகை. ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் 'தக்க காரணம் இருக்கிறது' என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிறைய வித்தியாசம் உண்டு. தோளில் அண்டக்கொடுத்துச் சுடுவதால் புதிய ஆளுக்கு 12 போரில் குறி வைப்பது சுலபம். கைத்துப்பாக்கி அப்படி இல்லை. கை ஒரு நூல் அசைந்தாலும் ஏழெட்டு மீட்டரில் குண்டு வேறெங்கோ போகும். மறுபக்கம், 12 போர் நீளம், கனம், தோளில் நன்றாக உதைக்கும், சின்ன அறைக்குள் திருப்புவது கஷ்டம். அப்பா திடகாத்திரமானவர், முன்பு ஏர்கன்னாவது தோளில் வைத்துப் பழகியவர் என்றால் நான் 12 போரைத்தான் சொல்வேன். தோள் வலி, முழங்கை வலி உள்ளவர் என்றால் ரிவால்வர்.

சரி, ரிவால்வர் ஏன், பிஸ்டல் ஏன் வேண்டாம்? சினிமாவில் பார்த்து எல்லோருக்கும் பிஸ்டல் மேல்தான் ஆசை. தட்டையாக இருக்கும், தோட்டாவும் கூட ஒன்றிரண்டு போகும். ஆனால் அதில் ஒரு புதியவர் நினைவில் வைக்க வேண்டியது அதிகம். மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) போட வேண்டும், ஸ்லைடை (மேலே நகர்கிற பாகத்தை) முழுதாகப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும், சேஃப்டி (சுடாமல் தடுக்கிற பூட்டு) எந்தப் பக்கம் என்று இருட்டில் தெரிய வேண்டும். ஸ்லைடின் ஸ்பிரிங்கை இழுக்க விரல் பலம் வேண்டும். வயதானவர்கள் பலரால் அது முடிவதில்லை. மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுதாக ஓடாமல் தோட்டா நடுவில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றத் தனிப் பழக்கம் தேவை. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இது: மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். "மேகசின் என் கையில் இருக்கிறது, துப்பாக்கி காலி" என்று நம்பி டிரிகரை இழுத்தவர்களால் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன.

ரிவால்வரில் சிலிண்டரை (தோட்டா போடுகிற சுழல் உருளையை) திறந்தால் ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பழசாகித் தளர்கிற மேகசின் ஸ்பிரிங் எதுவும் இதில் இல்லை. குறை என்னவென்றால் டிரிகர் கனம். ஒரே இழுப்பில் ஹேமரை (பின்னால் இருக்கிற சுத்தியலை) தூக்கி, சிலிண்டரைச் சுற்றி, அடிக்கவும் வேண்டும் என்பதால் விரலுக்கு நல்ல வேலை. அந்த இழுப்பில்தான் குறி தப்பும். ஹேமரைக் கட்டை விரலால் முன்கூட்டியே ஏற்றினால் டிரிகர் மிகவும் லேசாகிவிடும், ஆனால் பதற்றத்தில் கை நடுங்குகிற நேரத்தில் ஹேமர் ஏற்றிய ரிவால்வரைப் பிடித்திருப்பது ஆபத்து. வாசலில் நிற்பது பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று தெரிந்த பிறகு, ஏற்றிய ஹேமரை நடுங்குகிற கையால் மெதுவாக இறக்க வேண்டி வருமே, அதை நினைத்துப் பாருங்கள். முழு இழுப்பையே பழக வேண்டும்.

அதனால் கடைக்குப் போகும்போது அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முன்னிலையில், தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு, பாதுகாப்பான பக்கமாகச் சுவரை நோக்கி அவர் பிடிக்கட்டும். பிடியை இறுகப் பிடித்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகர் மேல் சரியாக உட்கார வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் பிடி அவருக்குப் பெரிது. முன் குறிமுனையைப் பார்த்தபடி முழு இழுப்பாக மெதுவாக இழுக்கட்டும். ஹேமர் விழுகிற நேரத்தில் அந்த முனை ஆடாமல் நின்றால் அந்தத் துப்பாக்கி அவருக்கு ஆகும். நாலைந்து தடவை இழுத்ததும் விரல் வலித்து, முனை கீழே சாய்ந்தால் ஆகாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுபவருக்கு முன் முனை மங்கலாகத் தெரியும். முனையில் வெள்ளையோ ஆரஞ்சோ சிறு புள்ளி வைத்தால் உதவும். இந்தச் சோதனையில் தேறாத மாடலை யார் புகழ்ந்து சொன்னாலும் வாங்காதீர்கள்.

இனி மாடல்கள். முதலில் எதெல்லாம் கிடையாது என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். ராணுவம், போலீஸ் தோட்டா போகிற 9 எம்.எம்., .45, .380, .455 கைத்துப்பாக்கிகள் எல்லாம் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண ஆளுக்கு மிஞ்சுவது .32, .22, அப்புறம் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளில் சில. வெளிநாட்டிலிருந்து தனியாள் இறக்குமதி செய்வது 1980-களிலிருந்து அடைபட்டிருப்பதால், தாத்தா காலத்து வெப்லி, வால்தர் கம்பெனித் துப்பாக்கிகள் எல்லாம் பல லட்சத்துக்குக் கைமாறுகின்றன. முதல் துப்பாக்கியாக அவற்றின் பக்கம் போகாதீர்கள். உதிரிப்பாகம் கிடைக்காது, பேரலில் அரிப்பு இருக்கலாம், சிலிண்டர் பூட்டு தேய்ந்து ஆடலாம். அதையெல்லாம் பார்த்துக் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இன்னும் வரவில்லை.

அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தன. அவற்றில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். (அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்யூப்மென்ட் இந்தியா லிமிடெட்) கைத்துப்பாக்கிகளைச் செய்கிறது. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. கான்பூரின் பழைய .32 ரிவால்வர் வெப்லி மாதிரியில் நடுவில் மடிந்து திறப்பது. திறந்தால் காலித் தோட்டா எல்லாம் ஒன்றாக வெளியே வந்துவிடும், அது ஒரு வசதி. 2023-இல் வந்த 'பிரபல்' பக்கவாட்டில் சிலிண்டர் திறப்பது. எடை சுமார் 700 கிராம், பேரல் 76 மி.மீ. அதற்கு 50 மீட்டர் வரை பலன் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம், ஒரு அறையின் நீளம்தான் உங்கள் கணக்கு. ஆனால் பக்கவாட்டுச் சிலிண்டரும் அந்த எடையும் புதியவருக்கு நல்லவை. உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டம் சண்டிலாவில் வெப்லி அண்டு ஸ்காட் பெயரிலும் .32 ரிவால்வர் செய்கிறார்கள். புதிய .32 ரிவால்வருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

2014-இல் பெண்களுக்கென்று கான்பூரில் கொண்டுவந்த 'நிர்பீக்' டைட்டானியக் கலவையில் ஏறத்தாழ அரை கிலோதான். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் துப்பாக்கி லேசாக ஆக ஆக உதை கூடும். .32 சின்னத் தோட்டாதான், இருந்தாலும் லேசான துப்பாக்கியில் முதல் குண்டுக்குப் பிறகு கை மேலே எழும்பிவிடும், பழகுகிறவர்கள் இரண்டாவது குண்டுக்கு முன்னாலேயே கண்ணை மூடுவார்கள். கண்ணை மூடுகிற பழக்கம் ஒருமுறை ஒட்டினால் விடுவிப்பது மிகவும் கஷ்டம். சுமார் 250 கிராம் எடையுள்ள .22 'நிடர்' பற்றியும் கேட்பார்கள். .22 தோட்டாவின் விளிம்பில்தான் வெடிமருந்துப் பற்றவைப்பு இருக்கிறது, அதில் வெடிக்காமல் போவது .32-ஐவிட அதிகம். வெறும் அறையில் இழுத்துப் பழகினால் ஊசி அறையின் விளிம்பில் இடித்துத் தேயும். வீட்டுப் பாதுகாப்புக்கு அது என் தேர்வு ஆகாது.

அப்பா உரிமம் வாங்கும் முன்பே சுட்டுப் பழக வேண்டும். நீங்களும்தான். மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் கிளப்பின் உரிமத்தின் கீழ் அங்கேயே, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, சுடலாம். தொடங்க 10 மீட்டர் ஏர் பிஸ்டல் மிக நல்லது. .177 அளவுக்கு மேற்படாமல், 20 ஜூல் சக்திக்குள் இருக்கிற காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். போட்டியில் அதன் டிரிகர் குறைந்தது 500 கிராம் இழுப்பில் இருக்க வேண்டும், இலக்கின் பத்து மதிப்பெண் வட்டம் 11.5 மி.மீ.தான். அந்தச் சின்ன வட்டத்தின் முன்னால் நின்று பார்த்தால்தான் மூச்சு, கை, கண் மூன்றும் என்ன செய்கின்றன என்று தெரியும். உதை இல்லை, சத்தம் இல்லை, பெல்லட் செலவும் குறைவு. மொரினி, ஸ்டெயர், வால்தர் என்று வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், கிளப்பில் இருப்பதை வைத்துப் பழகினாலே போதும். தம்பி, உங்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டால், வாரம் ஒரு நாள் நீங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற காரியமாகவும் இது ஆகிவிடும். வருடத்துக்கு ஒருமுறைகூடச் சுடாத துப்பாக்கியை நம்பி ஒரு குடும்பத்தை விட முடியாது.

உரிமத்துக்கு வருவோம். தாராபுரம் திருப்பூர் மாநகரக் காவல் எல்லைக்குள் வராது, ஆகவே மாவட்ட ஆட்சியர்தான் உரிம அதிகாரி. கோவை, திருப்பூர் மாநகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் காவல் ஆணையர். ஆயுத விதிகள் 2016-இன்படி ஏ-1 படிவத்தில் மனு, மனநலம் உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். போலீஸ் அறிக்கை வரும். மனுவில் "உயிருக்கு ஆபத்து" என்று ஒரு வரி எழுதினால் பயனில்லை. சாளையிலிருந்து அடுத்த வீடு எவ்வளவு தூரம், காவல் நிலையம் எவ்வளவு தூரம், முன்பு திருட்டு நடந்து புகார் கொடுத்திருந்தால் அதன் எண், வீட்டில் இருப்பவர்களின் வயது, இவற்றை எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு மேல்முறையீடு செய்யலாம். நிலபுலன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. உரிமம் கிடைத்தால் ஐந்து ஆண்டு செல்லும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. உரிமம் இல்லாமல் "குறைந்த விலைக்கு ஒன்று இருக்கிறது" என்று யாராவது காதில் சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தண்டனை ஒரு பக்கம், அந்த இரும்பு கையிலேயே வெடிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

வாங்கிய பிறகு துப்பாக்கி சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில், தோட்டா தனிப் பூட்டில். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடு என்றால் சாவி அப்பாவின் இடுப்பில்தான் இருக்க வேண்டும். நோம்பிக்கு, பண்டிகைக்கு வருகிற உறவினர்கள் "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்பார்கள். காட்டக் கூடாது. அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் அதையே திருட வருவார்கள். கல்யாணத்தில், கிடாவெட்டில் வானத்தைப் பார்த்து ஒரு குண்டு போட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 2019 திருத்தம் வழி செய்திருக்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் வீட்டில் துப்பாக்கி இருக்காது என்பதால்தான் நாயும் விளக்கும் முக்கியம் என்றேன்.

எப்போது சுடலாம் என்பதையும் அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. உயிர் போகும், கொடுங்காயம் வரும் என்ற நியாயமான அச்சம் இருக்கும்போதும், ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைவது, கொள்ளை போன்றவற்றிலும் அந்த உரிமை வெகுதூரம் போகும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. தேங்காய்க் களத்திலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், அப்பா தன் கடைசிக் காலத்தைக் கோர்ட்டில் கழிக்க வேண்டிவரும்.

வரும் ஞாயிறு அப்பாவைக் கிளப்புக்கு அழைத்துப் போய் ஏர் பிஸ்டலைப் பிடிக்க வையுங்கள். அவருக்கு விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வேலியையும் கதவையும் பலப்படுத்திவிட்டு விட்டுவிடலாம். பிடித்திருந்தால் அவர் உள்ளங்கை அளவு, விரல் வலி உண்டா, எந்தக் கண் பலம், கண்ணாடி எதற்குப் போடுகிறார் என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள். பழைய மடிப்பு மாடலா, பிரபலா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.